குதிகால் வலி: பயிற்சியா, இன்சோலா, ஊசியா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறியது போல் சுள்ளென்கிறது. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் கொஞ்சம் அடங்குகிறது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அதிகம் கொண்டுவரும் கால் பிரச்சினை இதுதான். வலியை விவரிப்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் திணறிப்போகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா? பார்மசியில் தொங்கும் இன்சோலை, அதாவது ஷூவுக்குள் வைக்கும் தாங்கு அட்டையை, வாங்கலாமா? அளவெடுத்துச் செய்யும் இன்சோலுக்கு ஆயிரக்கணக்கில் ரேண்ட் கொடுக்கலாமா? சும்மா விட்டாலே சரியாகிவிடுமா?

கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் "ஆமாம்". இந்த வலி உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது, கத்தி வைக்காமலேயே, ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஆனால் ஒரு வருடம் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போக முடியுமா? அந்த வருடத்தை எப்படிச் சுருக்குவது, அதற்குள் பணத்தை எங்கே வீணாக்காமல் இருப்பது, இதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது. என் அனுபவத்தில், எந்தச் சிகிச்சையை எடுத்தார்கள் என்பதைவிட எதை முதலில் எடுத்தார்கள் என்பதே பலருடைய கதையை மாற்றியிருக்கிறது.

## முதலில் இது அந்த வலிதானா?

பாதத்தின் அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பிளான்டார் ஃபேஷியா என்பார்கள். நம் எடையைத் தாங்கி, பாதத்தின் வளைவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் நாள்பட்ட அழுத்தத்தால் நொந்துபோவதே பிளான்டார் ஃபேஷியைட்டிஸ். நாள் முழுக்க நிற்கிற வேலை, இறுகிப்போன கெண்டைக்கால் சதை, கூடிய உடல் எடை, தட்டையான அல்லது மிக வளைந்த பாதம், திடீரென்று கூட்டிய நடை அல்லது ஓட்டம், இவையெல்லாம் காரணமாகலாம்.

கட்டைவிரலால் குதிகாலின் அடியில், உள்பக்கமாகக் கொஞ்சம் முன்னே தள்ளி அழுத்திப் பாருங்கள். "ஐயோ, அங்கேதான்" என்று வந்தால் அனேகமாக இதுதான். வேறு மாதிரி இருந்தால் கீழே சொல்லப்போகும் ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது:

- குதிகாலை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிக்கிறது, அதுவும் ஓட்டத்தைக் கூட்டிய பிறகு வந்தது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.
- எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல், அதுவும் இரவில் அதிகம் என்றால் நரம்புப் பக்கம் பார்க்க வேண்டும்.
- நாற்பதுக்குக் கீழ் வயது, இரண்டு குதிகாலும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுக்கம் என்றால் வாத நோய்ப் பரிசோதனை தேவை.
- குதிகாலின் பின்பக்கம் வலித்தால் அது அக்கிலீஸ் தசைநார். அதற்குப் பயிற்சியே வேறு. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.
- கணுக்கால் சுளுக்கிக்கொண்டு நாலு அடிகூட வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின் ஓரத்தைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடாதீர்கள்.
- சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாகவும் இருக்கலாம், உள்ளே புண் பழுத்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. எக்ஸ்ரேயில் "எலும்பு முள் வளர்ந்திருக்கிறது" என்று கேட்டுப் பயந்து வருகிறவர்கள் நிறைய. வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் அந்த முள் இருக்கிறது. முள்ளை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்று நினைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, வலி வந்து எத்தனை நாளாகிறது. ஆறு வார வலிக்கும் ஆறு மாத வலிக்கும் ஒரே வைத்தியம் சரிப்படாது. இரண்டு, சர்க்கரை இருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா. மூன்று, வேலை. சூப்பர்மார்க்கெட்டில் கேஷியராக நிற்கும் பெண்ணும் ஆபீஸில் உட்காரும் ஆளும் ஒரே மாதிரி தேற மாட்டார்கள். நான்கு, பணம். குறிப்பாக உங்கள் மெடிக்கல் எய்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, எந்த வகை என்பது. மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் ஹாஸ்பிட்டல் பிளான் வைத்திருப்பவர்களுக்குப் பிசியோ, இன்சோல் எல்லாம் பொதுவாகக் கைக்காசுதான். அன்றாட மருத்துவச் செலவுக்கென்று திட்டத்திலேயே ஒதுக்கிய சேவிங்ஸ் கணக்கு உள்ளவர்களுக்கும் அது வருடக் கடைசிக்குள் தீர்ந்துபோகிற பணம். ஐந்து, தினமும் ஒரு பத்து நிமிடத்தை உங்களால் இதற்கு ஒதுக்க முடியுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னாலே பாதி முடிவு ஆகிவிடும்.

## வீட்டுப் பயிற்சியும் காலணி மாற்றமும்

நான் பிசியோ என்பதால் பயிற்சிக்குச் சாய்கிறேன் என்று நினைக்கலாம். ஆனால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், எனக்கு ஒரு சென்ட்கூடத் தர வேண்டாம்.

இரண்டு பயிற்சிகள் போதும். முதலாவது நார்ப்பட்டையை இழுப்பது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பொதுவான கெண்டைக்கால் நீட்சியைவிட இது நன்றாக உதவுவதைக் காட்டியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் முட்டிமேல் போடுங்கள். விரல்களின் அடியைக் கையால் பிடித்து முழங்காலைப் பார்த்து இழுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நார் கம்பி மாதிரி விறைத்திருப்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை. இதில் முக்கியமானது காலை முறை: தரையில் முதல் அடி வைப்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். பாத்ரூம் போய்வந்து செய்கிறேன் என்றால் பாதிப் பலன் போச்சு.

இரண்டாவது வலுவூட்டுவது. ஒரு சிறு டவலைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி ஏறியிருக்கும்படி நில்லுங்கள். குதிகால் படிக்கு வெளியே அந்தரத்தில் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் காலில் மட்டும் மூன்று எண்ணி மேலே எழும்புங்கள். உச்சியில் இரண்டு எண்ணி நில்லுங்கள். மூன்று எண்ணி இறங்குங்கள். பன்னிரண்டு முறை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். எளிதாகிவிட்டால் புத்தகங்கள் போட்ட பையை முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் தொடங்குங்கள். டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடந்த ஆய்வில் இந்தப் பயிற்சி செய்தவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு குழுவும் ஒரே நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, இந்தப் பயிற்சி உங்களுக்கு மிச்சப்படுத்துவது காலத்தை.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் அளவைக் குறையுங்கள்.

சரி, காலணி. நம் வீடுகளில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம். அந்த வழக்கத்தை விட வேண்டாம். வீட்டுக்குள் மட்டும் போட, வெளியே எட்டிப் பார்க்காத ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் நிற்கிற இரண்டு மணி நேரமும் அது காலில் இருக்கட்டும். சாமி விளக்கு முன்னால் கழற்ற வேண்டுமானால் அங்கே ஒரு கெட்டியான பாய் விரிப்புப் போடுங்கள். ஸ்லாப்ஸ் எனும் தட்டையான ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். அது தாங்கல் எதுவும் தருவதில்லை, போதாக்குறைக்கு அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன.

வெளியே போட டாக்கி (விளையாட்டு ஷூ) வாங்கும்போது கடையிலேயே வளைத்துப் பாருங்கள். விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். பின்பக்கக் குதிகால் கிண்ணத்தை அழுத்தினால் நசுங்கக் கூடாது. குதிகால் முன்பாதத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது.

இதில் மறைந்திருக்கும் செலவு பொறுமைதான். முதல் இரண்டு மூன்று வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிறையப் பேர் அங்கேயே விட்டுவிட்டு, "பயிற்சி எனக்குச் சரிப்படவில்லை" என்று ஊசிக்குப் போகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஒழுங்காகச் செய்யாமல் அந்த முடிவுக்கு வர வேண்டாம். வலி தொடங்கி மூன்று மாதம் ஆகாதவர்கள், சர்க்கரையால் உணர்ச்சி குறையாதவர்கள், எல்லோரும் இங்கே தொடங்குவதுதான் சரி.

## இன்சோல்: கடையில் வாங்குவதா, அளவெடுத்துச் செய்வதா

கடை இன்சோல் சில நூறு ரேண்டில் முடிந்துவிடும். அளவெடுத்துச் செய்வது சில ஆயிரங்களில் போகும். பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு பலன் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒப்பீட்டுக்காகத் தாங்கல் இல்லாமல் செய்த பொய் இன்சோல், கடையில் கிடைக்கும் இன்சோல், அளவெடுத்த இன்சோல் என்று மூன்று குழு. மூன்று மாதத்தில் உண்மையான இன்சோல்கள் இரண்டும் சிறிய அளவில் உதவின, இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு வருடத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

அதனால் முதலில் கடை இன்சோல் போதும். வாங்கும்போது மெத்தென்று இருப்பதைத் தேடாதீர்கள். வளைவின் கீழே கட்டியாக, கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்காததாக இருக்க வேண்டும்.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. இன்சோல் போட்டால் பழைய ஷூ இறுகும், அரை சைஸ் பெரிதாக வாங்க நேரும். செருப்பில் அது உட்காராது. ஒரே ஜோடி இன்சோலை ஷூவுக்கு ஷூ மாற்றிப் போட மறந்து, பாதி நாள் அது அலமாரியில் கிடக்கும்.

அளவெடுத்துச் செய்வது யாருக்கு வேண்டும்? பாத அமைப்பே மாறிப்போனவர்கள், கால்கள் நீளத்தில் வித்தியாசப்படுகிறவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர்கள், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்து ஒரு முறையாவது புண் வந்தவர்கள். இவர்களுக்கு அது அவசியச் செலவு, அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

## மாத்திரை, பொடி, தைலம்

கிராண்ட்-பா எனும் தலைவலிப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவது இங்கே சர்வசாதாரணம். அதில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன் மூன்றும் இருக்கின்றன. எப்போதாவது ஒன்று என்றால் சரி. தினமும் என்றால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு வரை போகலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கை. பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகம் அடிபடும். நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு மாத்திரையிலும் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாத்திரை சில நாள் நடக்க உதவும், நார்ப்பட்டையைக் குணப்படுத்தாது.

தைலம் தடவி உருவிவிடுவதில் தப்பில்லை. சுட்ட செங்கல்மேல் எருக்க இலை வைத்துக் குதிகாலை ஒற்றி எடுப்பது பாட்டி காலத்து வைத்தியம், பலருக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் செங்கல், வெந்நீர், சூட்டுப் பை எதையும் பாதத்தில் வைக்கக் கூடாது. சுட்டதே தெரியாமல் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போகும்.

## பிசியோவா, பொடியாட்ரிஸ்ட்டா

பொடியாட்ரிஸ்ட் என்றால் பாதப் பிரச்சினைகளைப் பார்க்கும் நிபுணர். தென் ஆப்பிரிக்காவில் இரண்டு பேரையும் டாக்டர் சீட்டு இல்லாமல் நேரடியாகப் பார்க்கலாம். இருவரும் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும், அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். மெடிக்கல் எய்டில் கோர வேண்டுமானால் அவர்களுக்கு பிராக்டிஸ் நம்பரும் இருக்க வேண்டும்.

பயிற்சியை எப்படிச் செய்வது, எப்போது பளுவைக் கூட்டுவது, நடை எங்கே பிசகுகிறது, இடுப்பும் முழங்காலும் சேர்ந்து வலிக்கிறதா என்றால் பிசியோவிடம் போங்கள். தோல் வெடிப்பு, ஆணிக்கால், உள்வளரும் நகம், இன்சோல், சர்க்கரைப் பாதப் பரிசோதனை என்றால் பொடியாட்ரிஸ்ட். பொடியாட்ரிஸ்ட்டுகளின் எண்ணிக்கை நம் நாட்டில் குறைவு, அரசு மருத்துவமனைகளில் கிடைப்பது இன்னும் அரிது, அதனால் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டி வரும்.

எங்கே போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்ட் கருவியைத் தேய்த்து அனுப்பிவிட்டு, வீட்டில் செய்ய எதுவும் சொல்லித்தரவில்லை என்றால் அந்தப் பணம் வீண். சிக்கலில்லாத குதிகால் வலிக்கு மூன்று நான்கு முறை, நடுவில் இரண்டு மூன்று வார இடைவெளி, இது போதும். வாரம் இரண்டு முறை வரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

## ஸ்டீராய்டு ஊசி

அதிகம் கேட்கப்படுவது இதைப் பற்றித்தான். ஊசி வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது: சுமார் ஒரு மாதம்வரை வலி ஓரளவு குறைகிறது, அதற்கு மேல் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த ஒரு மாதத்துக்கு என்ன விலை? சிலருக்கு நார்ப்பட்டை அறுந்துபோகும் ஆபத்து உண்டு. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கீழே உள்ள கொழுப்பு மெத்தை மெலிந்துபோகும், அது மறுபடி வளராது. அப்படி மெலிந்தால் வருவது வேறு வலி, நாள் முழுக்கக் கல்மேல் நடக்கிற வலி, அதற்குச் சரியான வைத்தியமும் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், ரத்தச் சர்க்கரை எகிறும். வீட்டில் சோதிக்கும் கருவி இல்லாதவர்கள் இதைக் கவனிக்காமலேயே விட்டுவிடுவார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஊசியை நான் ஒதுக்கவில்லை. பயிற்சி செய்யக்கூட முடியாத அளவு வலி இருக்கிறது, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக முயன்றாயிற்று, வேலையை விட முடியாத நிலை என்றால் ஒரு ஊசி நல்ல முடிவு. அந்த நான்கு வார நிம்மதியைப் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளப் பயன்படுத்த வேண்டும். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுகிற டாக்டராகப் பாருங்கள். போட்ட பிறகு இரண்டு வாரமாவது ஓட்டம், குதித்தல் வேண்டாம். "போன வருடம் மூன்று போட்டேன், இப்போது நாலாவது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பதறுகிறது.

## ஷாக்வேவ், அறுவை சிகிச்சை

ஷாக்வேவ் என்பது ஒலி அலைகளைக் குதிகாலில் செலுத்துவது. வழக்கமாக வாரம் ஒரு முறை, மூன்றிலிருந்து ஐந்து முறை. ஆறு மாதம் தாண்டிய பிடிவாதமான வலிக்கு ஓரளவு பலன் காட்டியிருக்கிறது. செய்யும்போதே நன்றாக வலிக்கும், ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம், மெடிக்கல் எய்டு தருமா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது வேண்டாம். ஊசிக்கும் இதற்கும் இடையில் தயங்குகிற நாள்பட்ட வலிக்காரருக்கு, கையில் பணம் இருந்தால், நான் இதைத்தான் சொல்வேன்.

அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே. ஒரு வருடம் எல்லாம் முயன்றும் தீராதபோதுதான் பேச்சே எடுக்க வேண்டும். நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் பாதத்தின் வளைவு தாழலாம், வலி வேறு இடத்துக்கு மாறலாம், வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பலன் தெரியும் | கைச்செலவு | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு முதலில் |
|---|---|---|---|---|
| பயிற்சி, காலணி | 6–12 வாரம் | ஒரு நல்ல ஷூவின் விலை | பொறுமை, தினசரி ஒழுங்கு | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| கடை இன்சோல் | சில வாரம் | சில நூறு ரேண்ட் | பெரிய ஷூ, அடிக்கடி மாற்றுதல் | நின்று வேலை செய்கிறவர்கள் |
| அளவெடுத்த இன்சோல் | சில வாரம் | சில ஆயிரம் ரேண்ட் | காத்திருப்பு, திருத்த வருகைகள் | பாத அமைப்பு மாறியவர்கள், சர்க்கரைப் புண் வந்தவர்கள் |
| மாத்திரை | அன்றைக்கே | குறைவு | வயிறு, சிறுநீரகம் | சில நாள் தாக்குப்பிடிக்க மட்டும் |
| ஊசி | சில நாளில், ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும் | இடத்தைப் பொறுத்தது | நார் அறுதல், கொழுப்பு மெலிதல், சர்க்கரை ஏற்றம் | பயிற்சியே செய்ய முடியாதவர்கள் |
| ஷாக்வேவ் | 2–3 மாதம் | அதிகம் | பல வருகைகள், செய்யும்போது வலி | 6 மாதம் தாண்டிய வலி |
| அறுவை | பல மாதம் | மிக அதிகம் | வேலை இழப்பு, வளைவு தாழ்தல் | எல்லாம் முயன்று தோற்றவர்கள் |

## அரசு கிளினிக்கா, தனியாரா

அரசு கிளினிக்கில் காசில்லை. அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஆர்.கே. கான் அரசு மருத்துவமனை போன்ற இடங்களில், வருமானத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். உண்மையான செலவு நேரம். விடியற்காலை வரிசை, ஒரு நாள் சம்பளம், டாக்ஸிக்காசு. நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சட்டப்படி மூன்று வருடச் சுழற்சியில் ஆறு வார வேலைநாட்கள் சம்பளத்தோடு உடல்நல விடுப்பு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் முப்பது நாள். குதிகாலுக்காக அதை ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டு, பிறகு பெரிய நோய் வந்தால் தவிக்க வேண்டியிருக்கும்.

என் யோசனை: வலி மட்டும் என்றால், தனியாரிடம் ஒரே ஒரு முறை பிசியோவைப் பார்த்து, பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் செய்யுங்கள். மருத்துவமனையில் நாலு நாள் வரிசையில் நிற்பதைவிட இது பலருக்கு மலிவாக முடியும். சர்க்கரை, வாதம், விரிசல் போன்ற சந்தேகம் என்றால் அரசுப் பக்கமே போங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் ஓரிடத்தில் நடக்கும். மெடிக்கல் எய்டு உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சர்க்கரை நோய் கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் உங்களைப் பதிவு செய்திருந்தால் பாதப் பரிசோதனை அதில் அடங்குமா என்று கேளுங்கள், சேவிங்ஸில் கைவைக்காமல் முடியலாம்.

## சர்க்கரை உள்ளவர்களுக்கு வரிசையே வேறு

இவர்கள் பயிற்சியில் தொடங்கக் கூடாது. முதலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் இறகு பட்டது போல் ஒன்றிரண்டு வினாடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது.

அப்படியானால் வலிக்கு இதமாக உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டுவது, சூடு வைப்பது, வெறுங்காலோடு படியில் நிற்பது எதுவும் வேண்டாம். கிளினிக்கில் பாதத்தைக் காட்டி, ரத்த ஓட்டம் சரியா என்று பார்த்த பிறகு, ஷூ போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடங்கலாம். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்ச்சி சரியாக இருக்கிறவர்கள் மற்றவர்களைப் போலவே பயிற்சியில் தொடங்கலாம், ஊசி மட்டும் கடைசி யோசனையாக இருக்கட்டும்.

## உங்கள் நிலைமை இதில் எது?

எட்டு மணி நேரம் நின்று வேலை. கேஷியர், செக்யூரிட்டி, தையல் தொழிற்சாலை. பயிற்சியோடு கடை இன்சோலும் முதல் நாளிலிருந்தே வேண்டும். யூனிஃபார்மோடு தட்டையான கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்றால், இன்சோல் உட்காரும் கறுப்பு டாக்கி போட அனுமதிக்கும்படி டாக்டர் கடிதத்தோடு சூப்பர்வைசரிடம் கேளுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் மேட் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் ஓடப் பயிற்சி எடுக்கிறவர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு முந்தின மாதம் ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வலி தெரியாமல் அவ்வளவு தூரம் அடிக்கிற பாதத்தில்தான் நார் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். தூரத்தைக் குறைத்து, மலை ஏற்றங்களைத் தள்ளிவைத்து, படிப் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் நடக்காவிட்டால் அடுத்த வருடம்.

ஆறு மாதமாக எல்லாம் செய்தும் குறையவில்லை. முதலில், நோய் அதுதானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இங்கே பயன்படும். உறுதியானால் ஷாக்வேவ், இல்லாவிட்டால் ஒரு ஊசி.

தைப்பூசக் காவடி எடுக்க வேண்டியவர். வேண்டுதல் என்று ஒன்று இருக்கும்போது வெறுங்காலோடு நடக்காதே என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அக்டோபர், நவம்பரிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். விரத நாட்களில் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாக மாறினால்தான் வலி திரும்பும். தார் ரோடு கொதிக்கும் காலம் அது, அதனால் காலை முதல் வரிசையில் போகப் பாருங்கள். ஊர்வலம் முடிந்து செருப்புக் கொண்டுவர ஒருவரைக் கோயில் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். அன்றும் மறுநாளும் படிப் பயிற்சிக்கு விடுமுறை, நார் இழுக்கும் பயிற்சி மட்டும் போதும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் பூசாரியிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் பேசி, காவடியை மகனோ தம்பியோ எடுக்க, தான் பால்குடத்தோடு கோயிலுக்குள்ளேயே வேண்டுதலை முடிக்க வழி உண்டா என்று கேட்டுவையுங்கள்.